வளைகாப்புக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவில்

தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்பது நெய்வேலியை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல். பையில் ஸ்கேன் தாள்கள், இரும்புச்சத்து மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டை, அதன் மேல் எழுதிய, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் 12 இலக்கப் பிக்மி எண். அந்தப் பையில் காப்பீட்டு அட்டையும் இருக்கிறதா என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. அப்பாவின் அட்டையில் பெயரை எடுத்தாயிற்று. கணவரின் அட்டையில் இன்னும் சேர்க்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, எதற்கு அவசரம் என்று இருந்திருப்பார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்தைத்தான் அலகாக வைத்திருக்கிறது. குடும்பம் எது என்பதைச் சொல்வது ரேஷன் அட்டை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, அந்த அட்டையோடு போய்ப் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர் வழக்கப்படி ஒரு பெண் குடும்பம் விட்டுக் குடும்பம் மாறும் மாதங்களும் முதன்முதலாகக் கருவுறும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, உடலுக்குக் காப்பு மிக அதிகம் தேவைப்படும் சமயத்தில் காகிதத்தில் அவள் எந்தக் குடும்பத்திலும் இல்லாமல் போகக்கூடும். இது யாரும் வேண்டுமென்று செய்த பிழை இல்லை. திட்டத்தை வரைந்தவர்கள் கையில் குடும்ப அட்டை இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தாய்மார் நலத்தில் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர்கள் மருத்துவமனையில் தொடங்குவதைவிட இந்த அட்டையில் தொடங்குவது நல்லது.

முதலில் ஒரு பெருமையைச் சொல்லிவிட வேண்டும். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, 2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 301இலிருந்து 97 ஆனது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்திருந்தன. இந்தச் சாதனையில் காப்பீட்டுக்குப் பங்கு மிகக் குறைவு. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையிலும், அதன் இடத்தில் வந்த இன்றைய திட்டம் 2012 ஜனவரியிலும் தொடங்கின. இறப்பு அதற்கு வெகுமுன்பே சரியத் தொடங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது, அறுவைக்கும் ரத்தத்துக்கும் வசதியுள்ள சீமாங் மையங்கள், 1990களிலிருந்து ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியே விசாரித்த பழக்கம், 2008இல் வந்த 108 வண்டி, வீடு வீடாக நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் - வேலை செய்தவை இவையே. எல்லாமே வரிப்பணத்தில் நடப்பவை; பிரீமியம் கட்டி வாங்கியவை அல்ல.

அப்படியென்றால் தாய்மாருக்குக் காப்பீடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பிரசவம் இலவசமாகிவிட்ட பிறகும் எந்தப் பெண் எதை இழக்கிறாள் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதைப் பார்க்க நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. இங்கே ஒரே தெருவில் நான்கு விதமான சமூகப் பாதுகாப்பு நடமாடுகிறது.

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1935 வாக்கில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ கிடைத்தது என்பதிலிருந்து தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் மின்சாரம் வந்தது. சுரங்கம் விரிய விரிய, கம்மாபுரம் ஒன்றியத்தின் நிலமும் அந்தக் கணக்குக்குள் வந்தது. நகரியத்தின் ஒழுங்கான வீதிகள், பள்ளிகள், நிறுவனத்தின் பொது மருத்துவமனை ஒரு பக்கம். நிலம் கொடுத்த, கொடுக்க மறுத்த, கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ஊர்கள் இன்னொரு பக்கம். ஊடே முந்திரித் தோப்புகள்.

இந்த ஒன்றியத்து ஊர் ஒன்றில் நான்கு கர்ப்பிணிகளை மனதில் நிறுத்திக்கொள்வோம். முதலாமவர் நிரந்தரத் தொழிலாளியின் மனைவி. அவருக்கு நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது, கணவரின் சம்பளம் நிற்காது. அடுத்தவரின் கணவர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மின் நிலையம் சட்டப்படி தொழிற்சாலை. விலக்கு எதுவும் பெறாதவரை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு அங்கே பொருந்தும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் மனைவிக்கும் மருத்துவம் உண்டு. மூன்றாமவரின் கணவரும் ஒப்பந்தத் தொழிலாளிதான், ஆனால் சுரங்கத்துக்குள். 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் தொழிற்சாலை என்ற சொல்லை வரையறுத்த இடத்திலேயே, சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கத்தை வெளியே நிறுத்திவிட்டது. பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறும் முனையில் ஒரு சட்டம், அது இறங்கும் முனையில் வேறொரு சட்டம். முன்னதில் நிற்பவரின் மனைவிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது என்றே இருந்தது; நிறுவனமோ ஒப்பந்ததாரரோ செய்யும் ஏற்பாட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ‘நிறுவனம்’ என்பதற்குள் சுரங்கத்தையும் சேர்த்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது 2025 நவம்பர் 21 அன்றுதான். ஒரு வரையறையைத் திருத்த எழுபத்தேழு ஆண்டுகள். அந்தத் திருத்தம் எளிய ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டுக் கதவை எப்போது தட்டும் என்பது தனிக் கதை.

நான்காமவர் முந்திரிக்கொட்டை உடைப்பவர். கூலி கிலோக் கணக்கு. தோட்டு எண்ணெய் பட்டுக் கையெல்லாம் தோல் உரிந்திருக்கும். கணவர் விவசாயக் கூலி. இந்த நால்வரில் தன் சொந்த உழைப்பின் கூலியைக் கர்ப்பத்தால் நேரடியாக இழப்பவர் இவர் ஒருவரே. அந்த இழப்பை ஈடுசெய்ய எந்தக் காப்பீடும் இல்லாதவரும் இவரே.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. கட்டும் ஒரு பெண் தாய்மை அடைந்தால், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில் 26 வாரங்களுக்கு முழுக் கூலி கிடைக்கும். ஏறத்தாழ 90,000 ரூபாய். நம் முந்திரித் தொழிலாளிக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்த திட்டம். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகப் போய்விடும். கைக்கு வருவது 14,000. அதுவும் தவணையாக. ‘முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா’ என்பது இந்த ஊர்களில் கர்ப்பிணியை நலம் விசாரிக்கும் சொற்களில் ஒன்றாகிவிட்டது.

இந்தியாவிலேயே முன்னோடியான திட்டம் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரசவக் காலத்துக் கூலி இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்ற எண்ணம் 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் நாடு முழுவதற்குமான உரிமையாகியது, அதுவும் குறைந்தது 6,000 ரூபாய் என்ற அளவில். ஆனால் முன்னோடியாக இருந்ததாலேயே, இதற்குள் படிந்துபோன விதிகளைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மிக இளவயதில் கருவுற்ற பெண்ணுக்கும், மூன்றாவதோ நான்காவதோ சுமப்பவருக்கும் ரத்தசோகையும் ரத்தப்போக்கும் கூடுதல் ஆபத்து என்பது மருத்துவப் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்துச் செய்தி. ஆபத்து கூடும் இடத்தில் உதவி நின்றுவிடுகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் கருவியாக ஒரு காலத்தில் வைத்த விதி இது. மகப்பேறு விகிதம் இரண்டுக்கும் கீழே போய்ப் பல ஆண்டுகளான மாநிலத்தில் இது யாருக்காக இன்னும் இருக்கிறது?

மருத்துவக் காப்பீட்டுக்கு வருவோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. சுமார் 1.37 கோடி குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 849 ரூபாய் வீதம் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் இந்த அட்டை எத்தனை குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியது என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். ஆனால் அதன் எலும்புக்கூடு உயர்சிகிச்சைக்காகச் செய்தது. சாதாரணப் பிரசவம் அதில் ஒரு இனமாக இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகத்தானே நடக்கிறது என்பது அதற்குள்ள வாதம்.

அந்த வாதத்தில் பாதி சரி. சரியான பாதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பிரசவத்தையும் தனியார் மருத்துவமனையில் காப்பீட்டில் பார்க்க விடுங்கள் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அரசு நிலையங்களில் 36; தனியாரில் 63.8. நாட்டின் சராசரி 21.5தான். அறுவைக்கு ஒரு விலை, இயல்பான பிரசவத்துக்கு இன்னொரு விலை என்று வைக்கும் எந்தக் காப்பீடும் இந்தத் தீயில் நெய் ஊற்றும். 2008இல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா திட்டத்தில் சாதாரணப் பிரசவத்துக்கு 2,500 ரூபாயும் சிசேரியனுக்கு 4,500 ரூபாயும் என்று விலை வைத்தார்கள். கத்தி எடுத்தால் கூடுதலாக 2,000 என்று அதைப் படிக்க ஒரு மருத்துவமனை நிர்வாகிக்கு அதிக நேரம் ஆகாது.

குஜராத் இதைப் புரிந்துகொண்டு வேறு வழி பிடித்தது. 2005 இறுதியில் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் தனியார் மருத்துவர்களுக்கு நூறு பிரசவங்களுக்கு மொத்தமாக ஒரே தொகை; இயல்பான பிரசவமானாலும் அறுவையானாலும் தலைக்கு ஒரே சராசரி. அறுவை செய்தால் மருத்துவருக்குத்தான் நட்டம். கேட்க அருமையாக இருந்தது, பரிசுகளும் வந்தன. ஆனால் 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான ஆய்வு, மருத்துவ நிலையப் பிரசவங்கள் கூடியதிலோ குடும்பங்களின் செலவு குறைந்ததிலோ இந்தத் திட்டத்தால் விளைந்ததாகச் சொல்லத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. ஒரே தொகை என்ற யோசனையில் அறிவு இருக்கிறது. அதைத் தனித்தனி மருத்துவமனைகளிடம் கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி ஒரு நாளை மட்டும் வாங்கியதுதான் கோளாறு என்பது என் கணிப்பு.

இனி, சரியில்லாத பாதி. பிரசவம் இலவசம் என்று சொல்லும்போது அந்த ஒரு நாளைத்தான் சொல்கிறோம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா ஏற்பாட்டில் மருந்து, ரத்தம், உணவு, வண்டி எல்லாம் இலவசமாக இருக்க வேண்டும். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ‘ரத்தம் கம்மியா இருக்கு, விருத்தாசலம் போய் ஊசி போட்டுக்க’ என்று நர்ஸம்மா சொன்னால், முந்திரி உடைப்பவருக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ், ஆட்டோ, கூட வரும் மாமியாரின் கூலியும் போகும். ரத்த அழுத்தம் ஏறி, கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம், அங்கிருந்து கடலூர் அல்லது சிதம்பரம் என்று ‘ரெஃபர்’ ஆகிப் போகும்போது நோயாளிக்கு வண்டி இலவசம். கூட வந்தவர்கள் பத்து நாள் வராந்தாவில் படுத்துக் கடையில் சாப்பிடும் செலவு எந்தத் திட்டத்திலும் வராது. ‘பிரசவத்துக்கு ஒரு பைசா செலவில்லை’ என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், அதற்காக அடகு வைத்த நகையைப் பற்றி அவரே பேசத் தொடங்கிவிடுவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல.

இன்னொன்று, பணம் பாயும் திசை. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டில் சேர்ந்திருப்பதால் செய்யும் சிகிச்சைக்குத் தொகை பெறுகின்றன. அதில் கருவி வாங்குகிறார்கள், ஊழியருக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய மருத்துவமனைகள்தான் பெரிய சிகிச்சை செய்யும். ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை ஆறாம் மாதத்திலேயே கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து, வலிப்பு வராமல் பார்த்துக்கொண்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காப்பீட்டிலிருந்து வருவதற்கு ஒன்றுமில்லை. அந்த அழுத்தம் கவனிக்கப்படாமல் போய்த் தீவிர சிகிச்சையில் முடிந்தால்தான் காப்பீடு அதைச் செலவாகப் பார்க்கிறது. நடக்காமல் தடுத்ததற்குக் கூலி இல்லாத கணக்கு இது.

அந்த நாளுக்குப் பின்னே உள்ளதை நாம் இன்னும் குறைவாகப் பேசுகிறோம். கர்ப்பத்தின்போதோ பிரசவமாகி 42 நாட்களுக்குள்ளோ நேர்ந்தால்தான் அது தாய் இறப்பு என்று எண்ணப்படும். ரத்தப்போக்கையும் கிருமித்தொற்றையும் ஓரளவு அடக்கிய மாநிலங்களில், இதயநோய் போன்றவற்றின் பங்கு மேலே வருகிறது. அவை நாட்காட்டி பார்த்து நிற்பவை அல்ல. அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவங்களுக்குச் செலவு செய்வது மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு. அதில் ஏழைத் தாய்க்குப் பிரசவமாகி 60 நாளில் காப்பு முடிந்துவிடும் என்ற விதி இருந்தது. 2021இல் வந்த சட்டம் அதைப் பன்னிரண்டு மாதங்களுக்கு நீட்டிக்க மாகாணங்களை அனுமதித்தது; பெரும்பாலான மாகாணங்கள் நீட்டித்தன. பணக்கார நாடுகளிலேயே தாய் இறப்பு மிகுந்த நாடு அது. அங்கிருந்து நாம் கற்க வேண்டியது அதிகமில்லை. இந்த ஒரு திருத்தம் விலக்கு. 2008 ஜூலையில் கானா செய்ததையும் சொல்ல வேண்டும்: தேசிய மருத்துவக் காப்பீட்டில் கர்ப்பிணிகளுக்குப் பிரீமியம் கிடையாது என்றது. அங்கே கர்ப்பமே தகுதி. வருமானச் சான்று கேட்கவில்லை.

கர்ப்பமே தகுதி என்பதுதான் கம்மாபுரத்துக்கும் தேவையான விதி. அதை நடத்தும் கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி எண் தருகிறோம். அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும் அந்த எண் வேண்டும். 2017 முதல் அது இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்று வாங்குவது கடினம். அந்த எண் குடும்பத்துக்கானது அல்ல, அவளுக்கானது. மாமியார் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குப் போகும்போது கூடவே போகும். அவள் யாருடைய மனைவி, எந்த முனையில் கணவர் நிற்கிறார் என்றெல்லாம் அது கேட்பதில்லை. இன்றைக்கு அந்த எண்ணால் அரசு அவளைக் கண்காணிக்கிறது. அதே எண்ணால் அவள் அரசிடம் உரிமை கோர முடிய வேண்டும்.

பிக்மி எண்ணே காப்பீட்டு அட்டையாகட்டும் என்கிறேன். பதிவான நாளிலிருந்து பிரசவமாகி ஓராண்டு வரை. கரு கலைந்தாலும் காப்பு நிற்கக் கூடாது. வயதும் எத்தனையாவது குழந்தை என்பதும் தடையாகக் கூடாது. பணத்தை அறுவைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், ஒரு கர்ப்பத்துக்கு ஒரே தொகையாக ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அது அனுப்பும் அரசு மருத்துவமனைக்கும் சேர்த்துக் கொடுத்தால், ரத்தசோகையை முன்கூட்டித் தீர்ப்பதில் இருவருக்குமே லாபம் இருக்கும். அந்தத் தொகைக்குள் மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் கூட இருப்பவருக்கு ஒரு படி தர வேண்டும். முத்துலட்சுமி பணம் அப்படியே தொடரட்டும். ஆனால் அதைக் கருணைத்தொகையாக எண்ணாமல் கூலி ஈடாக எண்ணி, குறைந்தபட்சக் கூலியோடு கட்டிவிட்டால், அடுத்த உயர்வுக்கு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.

செலவு? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு முதல் ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. கர்ப்பத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் 400 முதல் 450 கோடி. 849 ரூபாயை 1.37 கோடிக் குடும்பங்களால் பெருக்கினால் வருவது சுமார் 1,160 கோடி. அதாவது இன்று கட்டும் பிரீமியத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூடுதலாகத் தேவை. சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன். பிறப்பு எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவரும் மாநிலத்தில் இது வளராத செலவு என்பதை மட்டும் நிதித்துறை கவனிக்கலாம்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது வலுவானது. இன்னொரு அட்டை, இன்னொரு கணினிப் பதிவு, எல்லாம் அதே கிராம சுகாதாரச் செவிலியரின் தலையில்தான் விழும். இப்போதே கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தைவிட விவரத்தைப் பதிவேற்றும் நேரம் அதிகம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எனவே புதிய பதிவு ஒன்றுகூடக் கேட்காத காப்பீடுதான் இங்கே செல்லும். இருக்கிற எண்ணில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

அரசு இதைச் செய்ய எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ளுமோ, அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மருமகள் வந்த வீடானாலும் மகளைக் கொடுத்த வீடானாலும், வளைகாப்புக்கு நாள் பார்க்கும் முன் அவள் பெயர் எந்த ரேஷன் அட்டையில் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.